கிணற்று மீன் சுகம்

சாய்ந்தமருது
14.08.1984

அன்பு மகன் ஜவுபருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கு எல்லாரும் சுகம், உன் சுகத்தைத் துஆவில் கேட்காத நாளில்லை. இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், நமது கிணற்று மீன் இன்று காலை வாலை ஆட்டியது. (இது தம்பி மக்கீன். உம்மா சொல்லச் சொல்ல எழுதுறது நான். மீனை முதலில் எழுதினதுக்கு ஒரு குட்டு வாங்கியாச்சு.)

மெய்தான் மகன், அந்த மீன் இப்ப சின்னக் கதை இல்லை. நீ றியாத்துக்குப் போற அன்று அதைக் கிணத்துக்குள்ள விட்டு, இது உயிரோட இருக்கும் மட்டும் தண்ணியை நம்பிக் குடிங்க என்று சொல்லிப் போனாய். நான் விடிய சுபஹு தொழுதிட்டு எட்டிப் பார்த்து, அது அசைஞ்சாத்தான் வாளியை இறக்குவேன். நம்மட ஒழுங்கையில வீட்டுக்கு வீடு வயிற்றோட்டம், அடுத்த வளவு சல்மா உம்மாட பிள்ளைகள் ரெண்டும் ஆஸ்பத்திரியில கிடந்து வந்தது. உன் தங்கச்சி றபீக்காட பிள்ளைக்கு இன்னும் நாற்பது நாள் முடியல்ல, அவ குடிக்கிறதும் பிள்ளையைக் குளிப்பாட்டுறதும் இந்தத் தண்ணியிலதான். இதுக்குள்ள சல்மா உம்மா நம்மட வேலியோரமே கக்கூஸ் குழி வெட்ட ஆள் கொண்டுவந்திட்டா. மணல் தரை, எல்லாம் நம்மட கிணத்துக்கு ஊறி வரும் என்று சொன்னேன். உங்கட மீனுக்காக என்ட கக்கூஸைக் கடலுக்குள்ளயா கட்டச் சொல்றீங்க மச்சி என்று கேட்டா. நான் கோபிக்கல்ல, பேரப்பிள்ளையைத் தூக்கி அவட மடியில வச்சு, இதுதான் அந்த மீன் என்று சொன்னேன். மறுகா குழி மற்ற மூலைக்குப் போயிட்டு.

வீட்டில வாளியை மண்ணில வைக்கிறதில்லை, கொக்கியில தொங்கும். உடுப்புக் கழுவுறது தள்ளி வாழையடியில, தொழ முந்தி ஒழு எடுக்க ஒரு கிண்டித் தண்ணி, அரிசி கழுவின தண்ணி முருங்கைக்கு. இந்தக் கோடைக்கு அள்ளி அள்ளி ஊத்தினா உப்புத் தட்டிப் போயிடும். நீயும் பைப்பைத் திறந்துவிட்டுப் பல்லு விளக்காதே, தண்ணியைக் கொதிக்கவச்சுக் குடி. (இந்தச் சட்டமெல்லாம் போட்டதும் காவல் காக்கிறதும் உங்கட தம்பி நான்தான் காக்கா. கிணத்து மந்திரி என்று கூப்பிடலாம். சம்பளமில்லை, தண்ணி மட்டும் இலவசம்.)

அல்லாஹ் உன்னை நோய் நொடியில்லாமல் வைக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, கொதிக்கவச்ச தண்ணியை மறந்திடாதே.

உன் உம்மா,
ஸைனம்பு

காக்கா, உம்மா பகல் லுஹர் தொழப் போயிட்டா. நீங்க விட்ட மீன் போன மாதமே மவுத்து. உங்கட சைக்கிளைக் கிணத்துக்கட்டில சாத்திச் சவுக்காரத்தூள் போட்டுக் கழுவினேன், நுரையெல்லாம் உள்ளுக்குப் போயிட்டு. பின்னேரம் மீன் மிதந்திச்சு. உம்மா விடிய எட்டிப் பார்க்க முந்தி வாய்க்காலில ஒன்றைப் பிடிச்சு விட்டேன். அதுவும் ரெண்டு நாள்தான். இப்ப இருக்கிறது மூணாவது. அந்த ரெண்டு நாளும் உம்மாவும் றபீக்கா ராத்தாவும் அந்தத் தண்ணியைத்தான் குடிச்சாங்க, என்ட மீனை நம்பி. பிறகுதான் பயந்துபோய் ஒரு பகல் முழுக்க நின்று கிணத்தை இறைச்சேன். துப்பரவாப் பார்க்கிறான் பிள்ளை என்று உம்மா முட்டை பொரிச்சுத் தந்தா, அதை நான் ராத்தாட தட்டுக்கு மாத்திட்டேன். சட்டம் எல்லாம் உம்மாட, உடைச்சது மட்டும்தான் மந்திரி. கவரை ஒட்ட முந்தி இந்தக் கடிதத்தை ராத்தா உம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவா. அப்படியிருந்தும் இந்தத் துண்டை நான் கிழிக்கல்ல.

மக்கீன்