நீ முன்பே சுமந்த பேத்தி

அன்பிற்குரிய என் இல்லாளுக்கு,

எல்லாம் வல்லவன் அருளால் இங்கு நலம். உன் முழங்கால் வலி தணிந்ததா?

நமக்குப் பேத்தி பிறந்த செய்தி அறிந்து மகிழ்ந்தேன். இதுவும் பெண்ணா என்று சம்பந்தியம்மாள் எட்டிப் பார்க்காததையும், அவர் வந்துதான் பெயரிட வேண்டுமென்று நீ காத்திருப்பதையும் மருமகன் சொன்னார்.

நேற்று நான் வேலை செய்யும் மருத்துவமனையில் கருத்தரிப்பு ஆய்வகத்தின் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, "ஆண் விதை, பெண் நிலம்னு பெரியவங்க சொல்லுவாங்கம்மா" என்றேன். மருத்துவர் சிரித்துவிட்டார்.

"விதை ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு ஐயா! ஆம்பளைக்கு வயசுக்கு வந்தப்புறம்தான் விந்தணு உருவாகும், தினமும் புதுசா. பொண்ணுக்கு அவ அம்மா வயித்துல இருக்கும்போதே கருமுட்டையெல்லாம் உருவாகிடும். முதிராம வருஷக்கணக்கா காத்திருக்கும்."

கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. விரலில் சிறு கீறல்தான், கவலைப்படாதே.

எண்ணிப் பார். நம் மகளை நீ சுமந்தபோதே, இந்தப் பேத்தியின் பாதி அவளுக்குள் முட்டையாய் இருந்திருக்கிறது. "படி ஏறாதே" என்று உன்னை நான் கடிந்தபோது இவளையும் சேர்த்தல்லவா பாதுகாத்திருக்கிறேன்! இறைவன் அத்தனை முன்னதாக ஏற்றிய விளக்கை வரவேற்க இன்னொருவர் வரும்வரை காத்திருப்பதா?

அவளை முதலில் சுமந்தவள் நீ. பெயரை நீயே சொல்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. குழந்தை அழும் ஓசையையும் கைபேசியில் பதிந்து அனுப்பு. இந்த அறையில் சத்தமே இல்லை.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. பெயரிட்டதும் சொல், நானும் இங்கிருந்தே ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

உன் கணவன்