மேல்மாடி அறைக்குக் கழித்தது

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது.

நம் கட்டடத்தின் மதிப்பு அறிக்கை நேற்று மாலை வந்துவிட்டது. மதிப்பீட்டாளரே நேரில் வந்து கையில் கொடுத்தார். காலிக் கட்டடமாக இருந்தால் நூறு கிடைக்க வேண்டிய இடத்தில், இப்போதைய நிலையில் அறுபத்தெட்டுதான் கிடைக்கும் என்று முத்திரையிட்டு எழுதியிருக்கிறார்.

இங்கே எல்லோரும் நலம். அப்பா மிகவும் நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் உன் குரல் கேட்டால் அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறார். இப்போதுதான் நடை வந்துவிட்டதே.

பின்சுவர் ஈரத்துக்கு இரண்டு கழித்திருக்கிறார். கண்ணாடிக் கடைக்காரரும் தையல்காரரும் பழைய வாடகையில் இருப்பதற்கு நான்கு. இந்த இரண்டையும் நான் எதிர்பார்த்தேன். மீதி இருபத்தாறும் மேல்மாடி அறைக்கு. கட்டடத்தை நம் இருவர் பெயருக்கும் எழுதியபோது, உயிரோடு இருக்கும்வரை அந்த அறை தனக்கு என்று அப்பா ஒரு வரி சேர்த்தது உனக்கு நினைவிருக்கும். வாங்க வருபவர் முழுக் கட்டடத்தையும் இடித்துக் கட்டப் பார்க்கிறார். அப்பா இருக்கும்வரை ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது. அதனால் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டிவரும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப விலையைக் குறைக்கிறார்கள். வயதுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. ஆளின் உடல்நிலையைப் பார்த்து அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

அறையை விட்டுக்கொடுத்து எழுதித் தரும்படி முன்பே கேட்டேன். "எல்லாத்தையும் எழுதிக் குடுத்தாச்சு, இது ஒண்ணு இருக்கட்டும்டா. வர்றவனுக்கு இலவசமா ஒரு வாட்ச்மேன் கிடைச்சான்னு சொல்லு" என்று சிரித்தார்.

மதிப்பீட்டாளர் வரும் செய்தியை அவரிடம் சொன்னதுதான் நான் செய்த பிசகு. எதைப் பார்த்துக் கழிப்பார்கள் என்பதைச் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது? அவராக ஒன்றை நினைத்துக்கொண்டார். "ஆள் தெம்பா நின்னாதான் இடத்துக்கு மரியாதை. கிழவன் படுத்துக் கிடக்கிற இடம்னா அடிமாட்டு விலைக்குக் கேப்பான்" என்று உன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். நமக்கு நல்ல விலை வாங்கித் தர வேண்டுமென்று, நீ ஏற்பாடு செய்த பிசியோதெரபிப் பெண்ணை வைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்கப் படிக்கட்டில் பழகியிருக்கிறார். எனக்குத் தெரியாது.

அன்று முகச்சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல் இறங்கி வந்தார். கிடங்கு, மொட்டைமாடி எல்லாவற்றையும் முன்னால் நடந்து அவரே காட்டினார். மதிப்பீட்டாளருக்குத்தான் மூச்சு வாங்கியது. "ஐயாவுக்கு உடம்புக்கு ஏதாவது வந்ததுண்டா?" என்று அவர் மரியாதையாகக் கேட்டார். "ஒரு தடவை பக்கவாதம் வந்துச்சு தம்பி. வந்த வழியே திருப்பி அனுப்பிட்டேன்" என்றார் அப்பா. தாத்தா எத்தனை வயது வரை இருந்தார் என்று அடுத்த கேள்வி. "தொண்ணூத்தாறு. அதுவும் வழுக்கி விழுந்துதான் போனார், நோயில இல்ல" என்றார். நான் பின்னால் நின்று, போதும் என்று கையைக் காட்டினேன். இன்னும் சொல்லச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பெரியப்பாவின் வயதையும் சொன்னார். மதிப்பீட்டாளர் ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டார். போகும்போது அப்பா அவர் கையை இறுக்கிப் பிடித்து, "என்ன தம்பி, நல்ல விலை வருமா?" என்று கேட்டார். அந்த மனிதர் என்னைப் பார்த்துவிட்டு, "வரும் ஐயா" என்றார்.

நேற்று அறிக்கை வந்ததும் எவ்வளவு என்று அப்பா கேட்டார். கொஞ்சம் குறைவுதான் என்றேன். "மொட்டைமாடி ஏறும்போது ஒரு இடத்துல தள்ளாடிட்டேன். அதைப் பாத்துட்டானோ?" என்றார். இருக்கலாம் என்றேன். வேறென்ன சொல்வது? இன்று காலையிலிருந்து பயிற்சியை இரண்டு வேளை ஆக்கச் சொல்லியிருக்கிறார்.

அதற்கான கூடுதல் பணத்தை உன்னிடம்தான் கேட்பார். தயவுசெய்து அனுப்பாதே. இப்போது அனுப்புவதையும் இந்த மாதத்தோடு நிறுத்திவிடு. நீ பாசத்தில் செய்தாய், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் அவருக்கு ஏற்றிவிடும் தெம்பு ஒவ்வொன்றும் உன் பங்கிலும் என் பங்கிலும் குறைகிறது. உன் அண்ணி சொல்வதைப் போல, "நாம யாரையும் கொல்லச் சொல்லலையே, பயிற்சியைத்தானே நிறுத்தச் சொல்றோம்." அவர் வயதில் எத்தனை பேர் படுக்கையிலேயே நிம்மதியாக இருக்கிறார்கள்.

மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் கணக்கைத் திருத்தித் தருவதாக மதிப்பீட்டாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நம் டாக்டரிடம் பேசிவிட்டேன். பொய் எழுத மாட்டாராம், பார்த்ததைத்தான் எழுதுவாராம். எனவே அவர் பார்க்கும்போது அப்பா எப்படி இருக்கிறார் என்பதுதான் முக்கியம். ஆனால் டாக்டர் வரும் செய்தி எப்படியோ அப்பா காதுக்குப் போய்விட்டது. இப்போதே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார்.

நான் சொன்னால் கேட்க மாட்டார், சந்தேகப்படுவார். உன் பேச்சைத் தட்ட மாட்டார். அன்புடன் ஒரு வார்த்தை, "ஓடியாடினது போதும்ப்பா, படுங்க" என்று நீ சொல்லிவிட்டால் போதும். படுத்துவிடுவார்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

டாக்டர் பதினான்காம் தேதி சனிக்கிழமை காலை வருகிறார். திருத்திய அறிக்கை இருபதாம் தேதிக்குள் கிடைக்கும். வாங்குபவர் மாதக் கடைசிவரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீ அப்பாவிடம் பேசுவது மட்டும்தான் பாக்கி.

உன் பாசமுள்ள
அண்ணன்