ஓடுபாதைப் பிள்ளையார்

வைகாசி 2, வெள்ளி

காலையிலேயே வெயில் ஜாஸ்தி. மிலிட்டரி விமானத்தளத்தில் வேலை. வேனில் இரண்டரை மணி நேரம். எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆகவே இங்கேயும் எழுதவில்லை.

கொண்டுபோனது: இரும்பு முக்காலி, செயின் கப்பி, கயிறு, சாக்கு நாலு, குருக்கள் ஒருத்தர்.

தளத்தையே புதுசாக்குகிறார்கள். புதுக் கொட்டகைகள், ஆள் இல்லாமல் பறக்கிற விமானம், இன்னும் என்னென்னவோ. ஓடுபாதையையும் நீட்டுகிறார்கள். நீட்டுகிற இடத்தில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். எந்த விமானம் புதுசாக வந்தாலும் அவருக்குத் தேங்காய் உடைத்த பிறகுதான் கிளப்புவார்களாம். மாதம் ஒருமுறை நம் குருக்கள் போய்ப் பூஜை செய்துவிட்டு வருவார். சிலை நகர்த்த அடி அண்ணாமலையில் என்னை விட்டால் ஆள் ஏது?

இன்ஜினியர் கிரேனைக் காட்டி, "பத்து நிமிஷ வேலை சாமி" என்றார்.

"உள்ள ஆள் இருக்கறச்சேயே வீட்டைத் தூக்குவேளா?" என்றார் குருக்கள்.

ஒரு மணி நேரம் மந்திரம். பிள்ளையாரைச் சிலையிலிருந்து செம்புத் தண்ணீருக்கு இறக்கினார். இனிமேல் சிலை வெறும் கல், சாமி செம்புக்குள். புதுக் கோயில் கட்டி முடிகிறவரை செம்பு குருக்கள் வீட்டில் இருக்கும். தினம் மூன்று வேளை பூஜை. வெறும் கல்லை நான் தூக்கி ஷெட்டில் வைத்தேன். கனம் கம்மியான மாதிரி தெரியவில்லை. சொன்னேன். குருக்கள் முறைத்தார்.

திரும்பும்போது கேட்டில் நோட்டில் எழுதினார்கள்: செம்பு 1, தண்ணீருடன்.

"பேரு பிள்ளையார், அப்பா பேரு அண்ணாமலையார்னு போடுங்க" என்றேன். குருக்கள் என் தொடையில் கிள்ளினார். இன்னும் சிவந்திருக்கிறது.

வைகாசி 9, வெள்ளி

புழுக்கம். கப்பிக்கு எண்ணெய் போட்டேன். என் வீட்டுக்காரி செல்வி பல்லி விழுந்த மாவைக் கொட்டிவிட்டு எனக்கு உப்புமா கொடுத்தாள்.

குருக்கள் வீட்டுக்குப் போனேன். செம்புக்கு ஊஞ்சல் ஓரத்தில் தனி மணை, பட்டுத்துணி. மாமி முகம் சரியில்லை. மகளுக்குச் சென்னையில் இந்த மாதக் கடைசியில் பிரசவம். முதல் பிள்ளை. குருக்களுக்கு இந்த மாதம் பெரிய கோயிலில் முறை, விடியலில் போனால் மத்தியானம்தான் வருவார். மூன்று வேளையும் செம்புக்கு விளக்கு, நைவேத்தியம் யார் பார்ப்பது? வீட்டைப் பூட்டவே கூடாதாம்.

"ஏழுமல, தினம் போன் பண்ணி அழறாடா. அம்மா எப்போ வருவேங்கறா. நான் என்ன சொல்றது?"

"பிள்ளையாரையும் பஸ்ல கூட்டிக்கினு போங்க மாமி. சன்னல் சீட்டுக் கேப்பாரு, அவ்ளோதான்."

மாமி சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாமி கொடுத்த சுண்டலைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். (பொய். முழுக்கத் தின்றேன். ஆனால் மெதுவாக.)

வைகாசி 17, சனி

லேசாகத் தூறல், மண் வாசனையோடு சரி. இன்ஜினியர் போன். புதுக் கோயில் ரெடி. 23ஆம் தேதி காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். அன்றைக்கு விட்டால் வெளி ஆட்கள் பாஸ் எல்லாம் முடிந்துவிடும். புதுசாக எழுதிப் போட்டு வர மூன்று மாதம் ஆகுமாம்.

மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளை குப்புறவே விழுந்துவிடும்.

மாமி பையில் துணி அடுக்கிவிட்டார். பழைய வேட்டி கிழித்துத் தூளித் துணி, வசம்பு, நெய் டப்பா.

வைகாசி 23, வெள்ளி

ஆறு மணிக்கே கேட்டில். பழைய கேட் இல்லை. நோட்டும் இல்லை. தரைக்குள்ளிருந்து இரும்புத் தூண் எழும்புகிறது. முகம் பார்க்கிற மெஷின். அதன் முன்னால் நின்றேன்.

"அண்ணா, சிரிக்காம நில்லுண்ணா" என்றான் காவல் சிப்பாய். நம் போளூர்க்காரப் பையன். சட்டையில் பேர் முருகன்.

சிரிக்காமல் நிற்க என்னால் முடியாது. மூன்று தடவை சிவப்பு விளக்கு. நாலாவது தடவை மாமனாரை நினைத்துக்கொண்டேன். பச்சை.

அடுத்தது செம்பு. மெஷினுக்குச் செம்புக்குள் என்ன என்று தெரியவில்லை. கத்தியது. வடக்கத்தி அதிகாரி ஒருத்தர் வந்தார். அவர் சொல்லச் சொல்ல முருகன் தமிழில் சொன்னான்.

"சாமி, தண்ணி உள்ள போவக்கூடாதாம். கொட்டிட்டு வெறும் செம்பை எடுத்துக்கினு போவச் சொல்றாரு. உள்ள குழாய்ல புடிச்சுக்கலாமாம்."

குருக்கள் செம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நான்தான் சொன்னேன். "தம்பி, அதுக்குள்ள உங்க அண்ணன் இருக்காரு. நீயே அவர வாசல்ல நிறுத்தலாமா?"

முருகன் கன்னத்தில் போட்டுக்கொண்டு அதிகாரியிடம் ஏதோ சொன்னான். பதில் வந்தது. "இல்லாட்டி யாராவது ஒரு வாய் குடிச்சுக் காட்டணுமாம்."

மணி ஆறே முக்கால்.

குருக்கள் விரதம், பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. என்னைப் பார்த்தார். "ராத்திரி என்ன சாப்ட்டே?"

"இட்லி சாமி. சத்தியமா."

செம்பின் மேலிருந்த தேங்காயை லேசாகத் தூக்கி, உத்தரணிக் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து என் உள்ளங்கையில் விட்டார். குடித்தேன். பழக்கதோஷம், கையைத் தலையில் துடைத்தேன். அதைப் பார்த்ததும் முருகன் துப்பாக்கியைத் தோளுக்குத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினான். குருக்களுக்கும் நாற்பது வருஷப் பழக்கம். நீட்டின கையில் ஊற்றிவிட்டார். முருகன் கண்ணில் ஒற்றிக் குடித்தான். பின்னால் இன்னும் ஆறு சிப்பாய்கள் கை ஏந்தி வரிசை கட்டிவிட்டார்கள்.

"டேய், இது தீர்த்தம் இல்லடா! பிள்ளையார்டா!" என்று குருக்கள் போட்ட சத்தத்தில் தூண் தானாகவே கீழே இறங்கின மாதிரி இருந்தது. நான் செம்பைத் துண்டால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அதிகாரி குடித்த என்னையும் முருகனையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். நாங்கள் மயங்கி விழவில்லை. போகலாம் என்று கை காட்டினார்.

ஏழு பத்துக்குச் சிலையைப் பீடத்தில் இறக்கினேன். இவ்வளவு வேகமாக நான் கப்பி இழுத்ததில்லை. ஏழு இருபத்தைந்துக்குச் செம்புத் தண்ணீர் பிள்ளையார் தலையில். மேலே விமானம் பறந்ததில் மந்திரம் எனக்கே கேட்கவில்லை. பிள்ளையாருக்குக் காது பெரிசு.

வைகாசி 24, சனி

மாமியை விடியற்காலை சென்னை பஸ் ஏற்றினேன். சன்னல் சீட்டு. கை ஆட்டினார்.

மத்தியானம் குருக்கள் கோயிலிலிருந்து வந்ததும் கேட்டேன். "சாமி, அந்த ஒரு வாய்?"

இரவெல்லாம் யோசித்திருக்கிறார். தீர்ப்பு: பிள்ளையார் குறையமாட்டார். ஆனால் குடித்தவனுக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறார். ஆகவே புதுக் கோயிலில் மண்டல பூஜை நடக்கிற மாதிரி எனக்கும் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். கறி கூடாது, பீடி கூடாது, யாரையும் கிண்டல் செய்யக்கூடாது. முருகனுக்கும் போனில் அதே உத்தரவு. கூடவே தினம் அந்தக் கோயிலில் அவன்தான் விளக்கு வைக்க வேண்டும்.

"கிண்டலுமா சாமி?"

"அதுதான் முக்கியம்."

வைகாசி 25, ஞாயிறு

மேகமூட்டம். சென்னையில் பெண் குழந்தை, சுகம். மாமி போனில் அழுதார், இந்தத் தடவை நல்ல அழுகை. குழந்தைக்குக் காது கொஞ்சம் பெரிசாம். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. கடித்துக்கொண்டேன்.

முருகன் போன். "அண்ணா, மெஸ்ல இன்னிக்குச் சிக்கன்ணா."

"மோர் குடிடா."

மூன்று நாள் ஆயிற்று. மீதி நாற்பத்தைந்து.

கொல்லையில் ஆட்டுக்கறி கொதிக்கிறது. "நானா குடிச்சேன்?" என்கிறாள் செல்வி. இப்போது கரண்டியோடு வந்து நிற்கிறாள். "யோவ், உப்பு சரியா இருக்கானு மோந்து பாத்துச் சொல்லு."