சுவர்ப் பக்கத்து நம்பர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமா இருப்பீங்கன்னு நம்பறேன், இங்கே நாங்க ரெண்டு பேரும் உடம்பளவுல நல்லாத்தான் இருக்கோம், எனக்கு மண்டைதான் குழம்பிக் கிடக்கு. இதையெல்லாம் போன்ல சொல்லலாம்தான், ஆனா நான் போனை எடுத்தாலே உங்கப்பா பக்கத்துல வந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கிறாரு, அவரைப் பத்தின விஷயத்தை அவரை வச்சுக்கிட்டே எப்படிச் சொல்றது, அதான் காகிதத்தை எடுத்துட்டேன்.

நம்ம வேன் புகை கக்கிட்டு நடுரோட்ல நின்னது உனக்குத் தெரியும். வித்துடும்மா, இந்த வயசுல உனக்கு எதுக்கு ஸ்டியரிங்குன்னு நீ சொன்னே பாரு, அதைக் கேட்டதும் உங்கப்பாவுக்குத் தெம்பு வந்துடுச்சு, சனிக்கிழமை பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிட்டாரு. அவர் பட்டறையில பாலிஷ் போட்ட பீரோவை ஏத்திட்டுப் போக வாடகை வண்டி கிடைக்கும்டி, எனக்கு என்ன கிடைக்கும்? அழுது அழுது கிளட்ச் பழகினவ நான். அந்த வேன் வந்த பிறகுதான் நாலு தெருவைத் தனியா பார்த்தேன். அது போனா மறுபடி ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டியதுதான். அதனால உங்கப்பாகிட்ட சொல்லாமலே மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தேன், அதான் நாம ஊமைக்கோட்டான்னு கூப்பிடுவோமே, அவரேதான். இன்ஜினோட ஹெட்டைக் கழட்டி மேசை மேல வச்சிருந்தாரு. ஹெட்னா மேல் மூடி, பிளாக்னா அடி உடம்பு, இதெல்லாம் இப்பத்தான் நானே கத்துக்கிட்டேன். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கேஸ்கெட் தகடு கருகிப் போச்சாம், அது ஒண்ணு மாத்தினா ஓடுமாம். அட இவ்வளவுதானான்னு சந்தோஷப்பட்டேன், அங்கேதான் ஆரம்பிச்சுது வினை.

பார்ட்ஸ் கடைக்காரர் எந்த இன்ஜின்னு கேட்டாரு. வேன் இன்ஜின்னேன். சிரிச்சாரு. நமக்கு முன்னாடி வச்சிருந்தவங்க யாரோ இன்ஜினையே மாத்தியிருக்காங்களாம், வண்டிப் புத்தகத்துல ஒண்ணு இருக்கு, வண்டியில வேற ஒண்ணு இருக்கு. வார்க்கும்போதே இரும்புல புடைப்பா ஒரு நம்பர் விழுந்திருக்கும், அதைப் பார்த்துட்டு வாங்கன்னாரு. ஹெட் மேல இருந்ததை எழுதிட்டுப் போனேன், தகடு வந்துது, வச்சுப் பார்த்தா ஓட்டை எல்லாம் சின்னதா இருக்கு. கடைக்காரர்கிட்ட ஏன்யான்னு கேட்டா ஹெட் ஒரு இன்ஜினோடது, பிளாக் வேற இன்ஜினோடதா இருக்கும்கிறாரு. அப்ப அது இன்ஜினோட நம்பர் இல்லையான்னு கேட்டேன். இல்லையாம், அது அச்சோட நம்பராம், நம்ம பிளாஸ்டிக் வாளிக்கு அடியில இருக்குமே அந்த மாதிரி, அந்த அச்சுல வார்த்த எல்லாத்துக்கும் அதே நம்பர்தானாம். நம்பர்னு ஒண்ணு இருந்தா அது ஒரு ஆளைச் சொல்லணும், ஊருக்கே ஒரு நம்பர் வச்சா அதுக்குப் பேர் நம்பரா? எனக்கு இன்னும் புரியலை. எதுவா இருந்தாலும் பிளாக்ல இருக்கிற நம்பர்தான் வேணும்னு கறாரா சொல்லிட்டாரு.

பிளாக்ல போய்ப் பார்த்தா நம்பரே இல்லை! கண்ணாடி மாதிரி வழவழன்னு, சில்வர் பெயிண்ட் வேற. ஊமைக்கோட்டானே வாயைத் திறந்து, இதை யாரோ ராவியிருக்காங்கன்னாரு. யாரா இருக்கும், சொல்லு? வண்டி வாங்கின புதுசுல இன்ஜினை இறக்கி வச்சிருந்தப்ப உங்கப்பா அரமும் உப்புத்தாளுமா ரெண்டு நாள் அதையே கட்டிக்கிட்டு அழுதாரே, ஞாபகம் இருக்கா? கையில எது சொரசொரன்னு பட்டாலும் தேய்க்காம விடமாட்டாரே மனுஷன். வீட்டுக்கு வந்து கேட்டா, நான் பிசிறைத்தான் எடுத்தேன், நம்பரை யார் தொட்டாங்கன்னு என் மேலேயே பாயறாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் தலையிலயே உப்புத்தாளைத் தேய்ச்சிருப்பேன்.

அப்புறம் துணி மடிச்சு பீரோவுல வைக்கும்போதுதான் சட்டுன்னு பொறி தட்டுச்சு. உங்கப்பா எந்த பீரோவுக்காவது முதுகுப் பக்கம் பாலிஷ் போட்டிருக்காரா? சுவரைப் பார்த்த பக்கத்தை எவன் பார்க்கப் போறான்னு சொல்ற ஆளு. அதுக்காக அவர்கிட்ட எத்தனை சண்டை போட்டிருக்கேன்! மறுநாள் காலையிலேயே ஓடிப் போய், அதே பிளாக்ல டிரைவர் சீட்டுப் பக்கம் தகரத்தை ஒட்டி இருக்கிற பக்கத்தைப் பார்க்கணும், அங்கேயும் ஒரு நம்பர் இருக்கலாம்னேன். அதை மறைச்சுக்கிட்டிருந்த ஸ்டார்ட்டர் மோட்டாரை மெக்கானிக் கழட்டிக் கொடுத்தாரு, நான் கோணியை விரிச்சு வண்டிக்கடியில படுத்து, மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் வச்சுத் தேய்ச்சேன், பிசுக்கு மூஞ்சியில சொட்டுது. கையில தட்டுப்பட்டுச்சுடி, புடைப்பா! சாக்பீஸைத் தேய்ச்சதும் நம்பர் வெள்ளை வெளேர்னு எழுந்து நின்னுச்சு. பக்கத்துல கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதுல புள்ளி புள்ளியா இருக்கு, அது வார்த்த மாசமாம், நான் மணி பார்க்கிறதுக்குன்னு நினைச்சேன்.

இதுல கூத்து என்னன்னா அந்த பிளாக் வேனோடதே இல்லையாம், சின்ன லாரியோடதாம். இத்தனை வருஷமா நான் ஓட்டினது வேனா லாரியான்னு கேட்டா, மேலே வேன் கீழே லாரிங்கிறாரு கடைக்காரர், இதுக்கு என்ன அர்த்தம்னு மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா கேட்டு எழுது. சரியான தகடு கிடைச்சுடும்னு வந்து சொன்னேன். உங்கப்பா கையில இருந்த பீரோக் கதவைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு.

சனிக்கிழமை இரும்புக்காரர் வந்துட்டாரு. உங்கப்பா எழுந்து வாசலுக்குப் போனாரு, நான் உள்ளேயே நின்னேன். வண்டி எங்கேன்னு வந்தவர் கேட்டாரு. என்னைக் கேட்காதீங்க, டிரைவர் உள்ளே இருக்காங்க, அவங்களைக் கேளுங்கன்னு சொல்லிட்டு உங்கப்பா ஒதுங்கி நின்னுட்டாரு. இத்தனை வருஷமா வீட்ல கொஞ்சம் ஓட்டுவாங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்வாரு, ஒரு நாளும் டிரைவர்ங்கிற வார்த்தை அவர் வாயில வந்ததில்லை. நான் வெளியே வந்து, விக்கலைங்கன்னு சொன்னேன்.

தகடு வந்து மாட்டியாச்சு, நேத்து ஒரு கட்டிலைக் கொண்டு போய் இறக்கிட்டு வந்தேன். நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம, மனசு குளிர இருக்கணும். குட்டிக்கு என் முத்தம். வித்துடும்மான்னு மட்டும் இனிமே சொல்லாதே, கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா,
டிரைவர்.