பேரி மரத்தடியில் ஒரு மீன் தலை

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மூடுபனி. பள்ளிக்கு நாளை வரை விடுமுறை. துணி மூன்றாவது நாளாகக் காயவில்லை. வியாழன் வகுப்புக்குக் குறிப்பு: ராமேஸ்வரத்துக்கு வடக்கே பாக் நீரிணை, ஆழம் குறைவு, கலங்கல். தெற்கே மன்னார் வளைகுடா, தீவுகள், பவளத்திட்டுகள். நான் கடலைப் பார்த்தே நான்கு வருடம்.

பத்து மணிக்கு, வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வரும் மீன்காரர். பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி அக்கா ஒரு மீன் வாங்கினார். சட்டையைக் கழற்றுவதுபோல் தோலை உரித்துக் கொடுத்தார் மீன்காரர். தோல் உரித்த பிறகு ஒன்றுபோல் தெரியும் மீன்கள் இரண்டு. கிளாத்தி, நல்ல மீன். பேத்தை, விஷம். ஜன்னலிலிருந்து தலை தெரியவில்லை. போய்க் கேட்டிருக்கலாம். எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

மதியம் அக்கா கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தார். "சூடா சாப்பிடுங்க டீச்சர். முள்ளே இல்ல." மூடி வைத்தேன்.

3.40. அவர் கணவர் மாயாண்டி அண்ணன் வாசலில். "மாத்திரை ஏதும் இருக்கா டீச்சர்? இவளுக்கு நாக்கும் உதடும் மரத்துக் கெடக்காம்."

பேத்தை விஷம் அப்படித்தான் தொடங்கும். பிறகு கை, கால். பிறகு மூச்சு. சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக அண்ணன் ஜீப்பை எடுத்தார். அக்கா ஏறும்போதும் ஏசிக்கொண்டே: "பூண்டுக்கு மருந்தடின்னு நேத்தே சொன்னேன். நான் போயிட்டா எவ அடிப்பா?"

"மீன் தலை எங்கக்கா?"

"பேரி மரத்து மூட்டுல பொதச்சேன், உரத்துக்கு."

களைக்கொத்தோடு ஓடினேன். ஈர மண், சாம்பல், முட்டை ஓடு. ஒரு முழம் கீழே தலை. அதன் மேல் ஒரு முள், நிமிர்ந்து. அழுத்தினேன், மடங்கவில்லை. பின்னாலிருக்கும் குட்டி முள்ளை அழுத்தினேன். பெரியது படுத்துக்கொண்டது.

கிளாத்தி. பேத்தைக்கு இந்தப் பூட்டு கிடையாது. இருபது வருடமாகக் கரும்பலகையில் வரைகிறேன், விரலால் திறந்தது இன்றுதான். மூன்று தடவை செய்து பார்த்தேன். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனுக்கு போன். ராத்திரி வரை வைத்துப் பார்க்கிறார்களாம். சரி. அப்படியானால் நாக்கு ஏன் மரத்தது?

ஜூலை 9, புதன்

தூறல். அக்கா வந்துவிட்டார். டாக்டர் துருவித் துருவிக் கேட்டதில் வெளிவந்தது: பல்வலி. சாப்பிட்டதும் வாயெல்லாம் கிராம்புத் தைலம், அரைப் புட்டி. மரத்தது அதனால்.

அண்ணன்: "ஏன்டி, அத மொதல்லயே சொன்னா என்ன?"

"என்ன தின்னேன்னுதான கேட்டீக? தைலத்தயா தின்னேன்?"

நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர், நீங்க பயந்தது நல்லதுக்குத்தான்." பிறகு, சிரிக்காமல்: "காலையில ஜன்னல்ல நின்னீங்கல்ல? பாத்தேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா தலயத் தூக்கிக் காட்டிருப்பேன்."



ஜூலை 10, வியாழன்

வெயில்! துணி எல்லாம் வெளியே. தலையை டப்பாவில் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். முதல் வரிசை மூக்கைப் பொத்தியது. பூட்டைத் திறந்து காட்டியதும் கடைசி வரிசையும் எழுந்து வந்தது.

வாங்க வேண்டியவை: சோப்பு, உப்பு, அக்காவுக்கு ஆயக்குடி கொய்யா. பழுத்ததாக. பல்.

மாலை, ஃப்ரிட்ஜில் இருந்த குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டேன். புளி கொஞ்சம் தூக்கல். முள்ளே இல்லை.