பிள்ளையின் உச்சந்தலை வாசம்

சாம்பிராணிச் சட்டியை இன்று அலுமாரியின் மேலிருந்து இறக்கினேன், தாத்தா. அக்காவைப் போய்த் தாத்தா என்கிறாயே என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்; மடவளையில் நமக்கு அதுதான் வழக்கம், அவர்களுக்கென்ன. உங்கள் மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருக்கிறாள். சட்டியில் ஒட்டியிருந்த பழைய கரியை முகர்ந்ததுமே, அவளை நீங்கள் பெற்றிருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

குளிப்பாட்டிய பிள்ளைக்குப் புகை காட்டிக்கொண்டிருந்தீர்கள். மணம் வரவில்லையே என்று அள்ளி அள்ளிப் போட்டதில் வீடே புகைந்து, நெருப்பென்று பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். பிள்ளை இருமி இருமிச் சிவந்துபோனது. நான் நன்றாக ஏசினேன். அப்போதுதான் மெல்லச் சொன்னீர்கள், கொஞ்ச நாளாகவே மூக்கில் எந்த மணமும் ஏறவில்லை என்று. எந்நேரமும் குளிர்கிறது என்றீர்கள், குரலும் கம்மியிருந்தது. பிள்ளை பெற்ற களைப்பு என்று நாங்கள் சும்மா இருந்துவிட்டோம்.

கண்டி டவுனில் ஒரு டொக்டர் இரத்தம் சோதித்து, தைரொயிட் ஓமோன் குறைந்திருக்கிறது என்றார். மணம் பிடிக்கும் நரம்புக் கலங்கள் மூக்குக்குள் செத்துச் செத்துப் புதிதாய் முளைக்குமாம். அந்த ஓமோன் போதாவிட்டால் முளைத்தவை சரியாக வளராதாம். குளிசை விழுங்கினால் மணம் திரும்பக்கூடும், உறுதி சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வர, விஞ்ஞான டீச்சரான நீங்களோ அதிசயப்பட்டீர்கள். "செத்த நரம்பு மறுபடி முளைக்குது, பாரேன்." என்ன மனுசி நீங்கள்!

குளிசையோடு, விடிந்ததும் கராம்பு, ஏலம், தேசிக்காய்த் தோல் என்று ஒவ்வொன்றாய் மூக்கில் வைப்பீர்கள். ஒன்றும் தெரியாது. மறுநாளும் வைப்பீர்கள். எனக்கு அந்தப் பொறுமை ஆயுசுக்கும் வராது. ஒன்றுக்கு மட்டும்தான் கலங்கினீர்கள்.

"புள்ளட தல எப்பிடி மணக்குது? நீ மோந்து செல்லு."

பால், தேங்காயெண்ணெய், வெயிலில் காய்ந்த சீலை என்று நான் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக் கேட்பீர்கள்.

மாதங்கள் போய், ஒரு காலையில் பிள்ளையின் அழுக்குத் துணியை மாற்றும்போது, "ச்சீ, நாறுதடி" என்றீர்கள். சொன்ன வாயை அப்படியே பொத்திக்கொண்டு அழுதீர்கள். நாற்றத்துக்காக ஒருத்தி அவ்வளவு சந்தோசமாய் அழுததை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிறகு பிள்ளையின் உச்சந்தலையில் வைத்த மூக்கை நீங்கள் எடுக்கவேயில்லை.

நீங்கள் கண்மூடி மௌத்தாகிப் போன வருசம் முதல் அந்தச் சட்டி சும்மா கிடந்தது. இன்று உங்கள் பேரனுக்கு ஒரு சிட்டிகை மட்டும் போட்டுப் புகை காட்டினேன். பிறகு தலையை முகர்ந்தபோது வாய் தானாகவே முணுமுணுத்தது: பால், தேங்காயெண்ணெய், கொஞ்சம் புகை.

"யாரோட பேசுறீங்க, சாச்சி?" என்றாள் உங்கள் மகள்.

"ஒன் உம்மாக்குச் செல்றன்."

அவள் குனிந்து, தானும் பிள்ளையின் தலையை நெடுநேரம் முகர்ந்தாள்.

"வேர்வை மணமும் ஈக்கி, சாச்சி. அதையும் செல்லுங்க."