பெயரைச் சுற்றிப் போகும் வழி

இன்று காலை பெரிய மார்க்கெட்டில் பூக்கடைகளைத் தாண்டும்போது உன் வாசனை வந்தது. மருத்துவமனைக்கு வரும் நாள்களில் சடையில் செருகி வருவாயே, அந்தப் பச்சை. ஒரு கொத்து வாங்க நினைத்தேன். பெயர் வரவில்லை.

"அக்கா, கதம்பத்துல நடுநடுவுல வெச்சிக் கட்டுவாங்களே... பூ இல்ல, ஆனா வாசனையா இருக்கும்..."

"மரிக்கொழுந்தா? அதுக்கு ஊரையே சுத்தி வரியே பாப்பா!" என்று பூக்கார அக்கா சிரித்தார். அம்மா என் மணிக்கட்டை இறுக்கினாள். வெளியே வந்தால் அவள் என் கையை விடுவதே இல்லை. ஒன்பதாவது படிக்கும் நான் இன்னும் கைபிடித்துத்தான் நடக்கிறேன்.

கோரிமேட்டு மருத்துவமனையில் பார்த்த முதல் நாளே, "எவ்ளோ நாளா உனக்கு வலிப்பு?" என்று கேட்டாய், எந்த ஊர் என்று விசாரிப்பதைப் போல. என் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. நீ பாகூர்ப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வருவாய். நமக்கு ஒரே வயது, ஒரே நோய், ஒரே மாத்திரை, தெரிந்த பொருளின் பெயர்கூடச் சட்டென்று வாயில் வராத ஒரே தொல்லை.

நினைவையும் பேச்சையும் சோதிக்க அங்கே படம் காட்டிப் பெயர் கேட்பார்கள். என் முறை வந்தபோது பாதிப் படங்களுக்கு வாயே திறக்கவில்லை. தப்பாகச் சொல்வதைவிடச் சும்மா இருப்பது மேல் என்று நினைத்தேன். அடுத்து நீ போனாய். கதவு திறந்திருந்தது. ஏணிப் படத்தைக் காட்டினார்கள்.

"எங்கப்பா தென்ன மரத்துல சாத்துவாருங்க மேடம். நான் கால வெச்சா மட்டும் எங்கம்மா கத்தும்!"

அந்த மேடமே சிரித்துவிட்டார். வெளியே வந்து என் தோளில் இடித்தாய். "இன்னாடி ஊமையாட்டம் உக்காந்திருந்த? பேருதான ஓடிப்போச்சு, சாமான் உள்ளதான இருக்கு? சுத்திப் போ."

கடைசியாகப் பார்த்த அன்று மட்டும் நீ சிரிக்கவில்லை. "என்ன எட்டாவதோட நிறுத்திட்டாங்கடி. வழியில விழுந்துட்டா யாரு பாக்கறதுன்றாங்க. நாலு செவுத்தப் பாத்துக்கினே இருக்கேன். உன்ன நிறுத்த வந்தா சும்மா இருக்காத."

அடுத்த மாதம் நீ வரவில்லை. பஸ் கிடைத்திருக்காது என்றாள் அம்மா. தூக்கத்திலேயே நீ போய்விட்டது அவளுக்கு முன்பே தெரியும். கேட்டால் எனக்கு வந்துவிடும் என்று மறைத்திருந்தாள். தெரிந்த பிறகு அழவும் விடவில்லை. "அழாத கண்ணு, ஒடம்பு தாங்காது" என்று வாயைப் பொத்தினாள். அந்தக் கைக்குள்தான் அழுதேன்.

நேற்று என்னை நிறுத்துவதற்காக அம்மா பள்ளிக்கே வந்துவிட்டாள். "வீட்லயே படிச்சி எழுதட்டும் மிஸ். எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது."

மிஸ் என்னைப் பார்த்தார். "இதயம் எப்படி வேல செய்யுது, சொல்லு."

படம் கண்ணுக்குள் தெளிவாக இருந்தது. ஒரு பெயரும் வரவில்லை. எப்போதும்போல வாய் மூடிக்கொண்டது. அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்போது சொன்னேன்: "உள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு மிஸ். ரத்தம் போறதுக்குத் தொறக்கும். போன ரத்தம் திரும்பி வராம மூடிக்கும்." வால்வு என்ற சொல் இல்லாமலேயே கடைசிவரை சொல்லி முடித்தேன்.

"பாடம் நிக்குதும்மா. பேருதான் நழுவுது" என்றார் மிஸ்.

அம்மா எடுத்த பையை மறுபடி கீழே வைத்தாள். பிறகு, "அரையாண்டுப் பரீட்ச வரைக்கும் பாப்போம்" என்றாள். அதற்குமேல் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுக் குளியலறைக்கு இப்போது தாழ்ப்பாள் இல்லை. அப்பா கழற்றிவிட்டார். உள்ளே இருக்கும்வரை நான் சத்தமாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவாள். முன்பெல்லாம் பாடம் ஒப்பிப்பேன். இப்போது உன்னோடு பேசுகிறேன். ஏதாவது ஒரு சொல் வராது. தண்ணீரை மொண்டு ஊற்றியபடி அதைச் சுற்றிப் போகிறேன். அம்மா வெளியே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் நிறுத்துவதில்லை.